மடி கிழியும் வரை

ஜனவரி 11, ஞாயிறு

வாய் என்னுடையது, கை என் மருமகள் பிரகாசியுடையது. எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. அவள் அங்கன்வாடி டீச்சர். அஞ்சல் வழியில் எம்.ஏ. முதல் வருடம் படிக்கிறாள். பரீட்சைக்குக் கை பழக வேண்டும், நடக்கிறதை நாள்நாளாகச் சொல்லுங்கள் மாமா, எழுதுகிறேன் என்றாள். அது சாக்கு. அவள் புருஷன், என் மகன் சவரிராயன், அக்கரைச் சிறையில் இருக்கிறான். வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லாவிட்டால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

இன்று பூசையில் சாமியார், கடலில் வழி தவறிப்போன பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொன்னார். வழி தவறினார்களாம்! சவரி மீசை முளைக்கும் முன்னால் கடலுக்குப் போனவன். ரெமிஜியஸின் விசைப்படகுக்கு டிரைவர். எல்லைக்கோடு நெருங்கினால் கத்துகிற பெட்டி ஒன்று படகில் உண்டு. அது கத்தாதபடி வாயை அடைத்துவிட்டுத்தான் எல்லோரும் அந்தப் பக்கம் போகிறார்கள். எனக்குத் தெரியும். முன் பெஞ்சில் முக்காடு போட்டு அழுதவர்களுக்குத் தெரியும். சாமியாருக்கும் தெரியும். எல்லோரும் ஆமென் சொன்னோம்.

ஜனவரி 13, செவ்வாய்

பிரகாசிக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் ஏறும். மாவு டப்பாவில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாளை மீன் ஆய்ந்தாள். செதில் ஒட்டின விரலாலேயே பக்கத்தைப் புரட்டினாள். பன்னாட்டு உறவுகள் என்று ஒரு பாடம். நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள சண்டை, சமாதானம், கொடுக்கல் வாங்கல்.

“நாடுகளுக்கு மேல அதிகாரம் எதுவும் இல்லாத நிலை. இதை அராஜகம் என்பர்.”

“அராஜகம்னா வெட்டுக்குத்துல்ல?”

“இல்ல மாமா. மேல கேக்க ஆள் இல்லைன்னு அர்த்தம். சண்டை வந்துதான் ஆகணும்னு இல்ல. வந்தா விலக்கிவிட ஆள் கிடையாது, அவ்வளவுதான்.”

“அப்ப நம்ம கரைவலைக்கும் மேல ஆள் கிடையாதே. நாறியா போச்சு?”

“அதான் நீங்க இருந்தீங்கல்ல” என்றாள்.

இருந்தேன். கரைவலை என்பது கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கிற பெருவலை. ஒரு துறையில் ஒரு நேரம் ஒரு வலைதான் வளைக்க முடியும். இன்று யாருக்கு முறை, காற்றில் முறை தப்பினவனுக்கு எந்த நாள் ஈடு, செத்தவன் முறை எந்த மகனுக்கு, எல்லாம் ஒருத்தன் தலையில் இருக்கும். அவன் முறைசொல்லி. எழுதத் தெரியாதவனாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். எழுதினதைத் திருத்தலாம், தலைக்குள் கையை விட முடியாது. முறைசொல்லி சொன்னதற்கு எதிர்ச்சொல் இல்லை. சந்தேகம் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அக்கரையிலும் இதே வழக்கம்தான். கால் வீங்கி நடை விழும்வரை நான்தான் இந்தக் கரைக்கு முறைசொல்லி.

சாளையில் முள் அதிகம். குழம்பில் புளி போதவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

ரெமிஜியஸ் வந்தான். விசைப்படகுச் சங்கத்துக்குத் தலைவன். வந்தால் செருப்பைக் கழற்ற மாட்டான், இன்று கழற்றினான். ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்தது.

“பெரியப்பா, அடுத்த மாசம் அக்கரைக்காரங்களோட பேச்சுவார்த்தை. இந்தத் தடவை நம்ம டவுன்ல. ரெண்டு பக்கத்து அதிகாரிகளும் வாராங்க. நீங்க வரணும்.”

“நான் எதுக்கு? சால்வை மடிக்கவா?”

“போன பேச்சுல என்ன முடிவாச்சுன்னு அவங்க ஒண்ணு சொல்றாங்க, நாம ஒண்ணு சொல்றோம். எழுத்து கிடையாது. சாட்சிக்கு வச்ச ரெண்டு வாய் இருக்குல்ல, அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்குவோம்னு ஒப்புக்கிட்டாங்க. நம்ம பக்கம் நீங்க. அவங்க பக்கம் மரியாம்பிள்ளை.”

பிரகாசி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் அவளைப் பார்த்து, “கவலைப்படாத தங்கச்சி, சவரி வந்துருவான்” என்றான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். அவன் படகில் போய்த்தான் இவள் புருஷன் மாட்டிக்கொண்டான். அவனுக்கு டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். எனக்குப் போடவில்லை.

ஜனவரி 17, சனி

போன பேச்சு எனக்கு இந்தக் கைரேகையைப் போல இருக்கிறது.

கோயிலுக்குப் புதுக் கொடிமரம் நட்ட வருடம். அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். சுவரில் கிளிப் படம், அதன் வால் உரிந்திருந்தது. இரண்டு அரசாங்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். நீங்கள் மீனவர்கள், உங்களுக்குள் பேசுங்கள், ஆனால் எழுதாதீர்கள், எழுதினால் அது எங்கள் வேலையாகிவிடும் என்றார்கள். சொல்லிவிட்டு வராந்தாவில் போய் இளநீர் குடித்தார்கள்.

அக்கரைக்காரர்கள் வலையைக் கடலில் நிற்கவைத்துவிட்டுக் காலையில் போய் எடுக்கிறவர்கள். நம் விசைப்படகுகள் இழுவைமடி போடுகிறவை. மடி என்பது இரண்டு பலகை கட்டின பை. கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டே போகும். சேறு, பாசி, முட்டை, குஞ்சு, குறுக்கே நிற்கிற அவர்கள் வலை, எதையும் விடாது. மரியாம்பிள்ளை எழுந்து கிழிந்த வலை ஒன்றை மேசையில் விரித்தார். பிறகு பேசினோம்.

முடிவானது இது. இப்போது படகில் இருக்கிற மடி கிழியும்வரை இழுத்துக்கொள்ளலாம். தைத்தும் போடலாம். புதுமடி கட்டக் கூடாது. உள்ள மடி போனதும் அவர்கள் கடலில் இழுவை இல்லை. ஒரு மடி என்ன பாடுபட்டாலும் இரண்டு வருடம் தாங்காது.

நானும் மரியாம்பிள்ளையும் இதை மூன்று தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரே சட்டியில் சோறு சாப்பிட்டோம். கணவாய்க் கறி.

அந்த மடிகளெல்லாம் எப்போதோ கிழிந்தன. எல்லோரும் புதுமடி கட்டினார்கள். முதலில் கட்டினவன் ரெமிஜியஸ்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்றைய பாடம் பாதுகாப்பு இக்கட்டு. ஒரு நாடு பயந்துபோய் ஆயுதம் சேர்க்கும். அதைப் பார்த்துப் பக்கத்து நாடு பயந்து சேர்க்கும். அதைப் பார்த்து இது இன்னும் சேர்க்கும். கடைசியில் இரண்டுக்கும் பயம் கூடியதுதான் மிச்சம்.

இதற்கு ஒரு பேர், ஒரு அத்தியாயம். வடக்குத் தெருக்காரன் பெரிய எஞ்சின் வைத்தான் என்று தெற்குத் தெருக்காரன் அதைவிடப் பெரிய எஞ்சின் வைத்தான். இன்று படகு கட்டும் ஜெட்டியில் நிற்கிற எதுவும் படகு மாதிரி இல்லை, வெறிபிடித்த எருமை மாதிரி உறுமுகிறது. இக்கட்டு என்று சொன்னால் ஏதோ பாவம், மாட்டிக்கொண்டவர்கள் போலத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேராசை என்று போட்டிருக்கலாம்.

“பேராசை வேற, பயம் வேற மாமா” என்றாள் பிரகாசி. “ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். அதுதான் பாடமே.”

இருக்கலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

ரெமிஜியஸ் மறுபடி வந்தான். இந்தத் தடவை செருப்போடு.

“மடின்னு சொல்லாதீங்க பெரியப்பா. படகுன்னு சொல்லுங்க. இப்ப உள்ள படகு இத்துப்போற வரைக்கும் இழுத்துக்கலாம், புதுப்படகு இறக்கக் கூடாது. அதான் முடிவாச்சுன்னு சொல்லிடுங்க.”

“பலகையை மாத்தி மாத்திப் போட்டா படகுக்குச் சாவே கிடையாதேப்பா.”

“அதான சொல்றேன்” என்று சிரித்தான். பல்லில் வெற்றிலைக் காவி.

“மரியாம்பிள்ளை மடின்னு சொல்லுவாரு.”

“சொல்லட்டும். நீங்க ஒண்ணு, அவரு ஒண்ணு. ரெண்டும் அடிபட்டுப் போகும். நடுவுல ஏதாவது பேசி முடிச்சுருவாங்க. நீங்களும் மடின்னு சொன்னீங்கன்னு வைங்க, நம்ம ஆளுங்க எந்திரிச்சு வந்துருவாங்க. பேச்சு முறிஞ்சா அவங்க ஒருத்தனையும் விட மாட்டாங்க. சவரி ரெண்டாந்தடவை மாட்டினவன். வருசக் கணக்குல உள்ள போட்டுருவாங்க.” குரலை இறக்கினான். “நான் எனக்காகக் கேக்கல பெரியப்பா. ஊர் நலன்.”

இந்த வார்த்தை எங்கே கேட்டோம் என்று யோசித்தேன். பிரகாசியின் புத்தகத்தில் தேச நலன் என்று வந்தது. அதைக் கேட்டபோதும் இதே நாற்றம்தான் அடித்தது, ஜெட்டியில் காயப்போடுகிற சங்காயத்தின் நாற்றம். சங்காயம் என்பது மடியில் அள்ளிவருகிற குஞ்சுமீன் குப்பை. தின்ன உதவாது. கோழித் தீவனத்துக்குப் போகும்.

பிரகாசி உள்ளே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

ஜெட்டியில் கொடி ஏற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ரெமிஜியஸ் பேசினான். இறையாண்மை என்ற வார்த்தையை இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னான் என்றாள் பிரகாசி. மிட்டாய் நன்றாக இல்லை, மெழுகு மாதிரி பல்லில் ஒட்டியது.

பிப்ரவரி 1, ஞாயிறு

சவரி போனில் பேசினான். சிறையில் மாதம் ஒருமுறை விடுவார்கள் போல. முதலில் பிரகாசியோடு பேசினான். அவள் “ம்” “ம்” என்றே இருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு என்னிடம் கொடுத்தாள்.

“அப்பா, உடம்பெல்லாம் சொறி. தண்ணி சரியில்ல. இங்க ஒரு பெரியவர் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க எல்லாருக்கும் சோறு கொண்டாராரு. மரியாம்பிள்ளைன்னு பேரு. உங்களைத் தெரியுமாமே.”

“தெரியும்.”

“மாட்டின அன்னைக்கு எங்க மடியில ஒரு வலை சிக்குச்சுல்ல, அது அவரு மகனோட வலையாம். கூட இருக்கிற பயலுக சொல்றானுக. அவருக்குத் தெரியாது போல.”

“அவருக்குத் தெரியும்டா” என்றேன்.

போன் அறுந்துவிட்டது.

பிப்ரவரி 4, புதன்

இன்று பிரகாசி படித்தது கைதிகளின் இக்கட்டு. இரண்டு திருடர்களைப் பிடித்து இரண்டு அறையில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தனோடு ஒருத்தன் பேச முடியாது. இரண்டு பேரும் வாய் திறக்காவிட்டால் சின்னத் தண்டனையோடு தப்பலாம். ஒருத்தன் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு விடுதலை, மற்றவன் தொலைந்தான். இரண்டு பேரும் காட்டிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் பெரிய தண்டனை. என்ன செய்வார்கள்?

“காட்டிக்கொடுப்பாங்க” என்றேன்.

“புத்தகமும் அப்படித்தான் சொல்லுது. மத்தவன் என்ன செஞ்சாலும் காட்டிக்கொடுக்குறதுதான் இவனுக்கு லாபம். அதனால ரெண்டு பேருமே காட்டிக்கொடுத்து ரெண்டு பேருமே நாசமாப் போவாங்க.”

“தூ” என்றேன். “திருட்டுப் பயலுகளை வச்சா நாடுகளுக்குப் பாடம் எழுதுவாங்க?”

“வேற யாரை வச்சு எழுதுறது?”

அவள் சிரித்து நாளாகிறது. இதற்குச் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் புத்தகத்தை மூடாமலே கேட்டாள்: “மாமா, நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

“நீ என்ன சொல்ற?”

“நான் எதுவும் சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் காலம் பூரா நான் சொன்னதாகும். எனக்கு அவர் வரணும். அது உங்களுக்கே தெரியும். அதுக்கு மேல என் வாயில வர வைக்காதீங்க.”

கெட்டிக்காரி. எனக்கு அவள்மேல்கூட ஒரு கசப்பு வந்தது. எழுதிக்கொள் என்றேன், எழுதிக்கொண்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

படகுகள் போயின. கால் வீக்கம். ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பேச்சுவார்த்தை முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

டவுனில் ஏசி வைத்த ஓட்டல். உள்ளே நுழைந்ததும் ரோஜா வாசம், கக்கூஸில் அடிக்கிற வாசம். மேசைக்கு வெள்ளைத் துணி, ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே தண்ணீர் பாட்டில். மீன்பிடிக்கிறவர்கள் கூட்டம் என்று சுவரில் மீன் படம் மாட்டியிருந்தார்கள். எங்கள் கடலில் அப்படி ஒரு மீன் இல்லை. இரண்டு அரசாங்கத்து அதிகாரிகளும் ஒரு ஓரத்தில் சேர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி. சண்டையெல்லாம் மீன் நாற்றம் அடிக்கிறவர்களுக்குத்தான்.

மரியாம்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். காலர் பெரிது, கழுத்து அதில் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

“என்ன இஞ்ஞாசி, சுகமே? உமக்குக் கால் வீங்கிப்போய்க் கிடக்கு.”

“உமக்கு?”

“எனக்கு எல்லாம் வீக்கம்தான், காசுப் பை மட்டும் வத்திப்போச்சு.” சிரித்தார். “உம்மட மகனைப் பாக்கிறனான். நல்ல பொடியன். மெலிஞ்சு போனான், அவ்வளவுதான். பயப்பிடாதேயும்.”

நான் அவர் கையை விட்டேன்.

முதலில் ரெமிஜியஸ் பேசினான். தொப்புள்கொடி உறவு என்றான். அவர்கள் தலைவன் யோகநாதன் என்று ஒரு இளவட்டம், அவன் பேசினான். எங்கட பிள்ளையளின்ர வயிறு என்றான். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். பிறகு ஒரு அதிகாரி என்னைப் பார்த்து, “பெரியவரே, அன்னைக்கு என்ன முடிவாச்சுன்னு நீங்க சொல்லுங்க” என்றார்.

நான் சொன்னேன்.

இந்த இடத்தில் பிரகாசி பேனாவை நிறுத்தி, “என்ன சொன்னீங்க?” என்று கேட்கிறாள். உள்ள படகு இத்துப்போகும்வரை இழுத்துக்கொள்ளலாம், புதுப்படகு இறக்கக் கூடாது என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. முறை சொல்கிறபோது எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன்.

யோகநாதன் துள்ளி எழுந்தான். “என்ன கதை இது? படகோ? மடியெல்லோ! அப்பு, நீங்கள் சொல்லுங்கோ. ஏழெட்டு வருசமா மடி மடி எண்டு எங்களுக்குச் சொன்னது நீங்கள்தானே!”

மரியாம்பிள்ளை என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பூட்டின வீட்டைத் திரும்பிப் பார்ப்பார்களே, பூட்டினோமா என்று, அப்படிப் பார்த்தார். நான் அந்த மீன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மடி என்று சொல்வார், இரண்டும் அடிபட்டுப் போகும், நடுவில் ஏதாவது பேசிக்கொள்வார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

“இரு தம்பி” என்றார் அவர். “இஞ்ஞாசி முறைசொல்லி. அந்த ஆள் சொன்னா அதுதான். எங்கட கரையிலயும் முறைசொல்லிக்கு எதிர்ச்சொல் இல்லை.”

“அப்பு!”

“படகு எண்டால் படகுதான். விடு.”

கை தட்டினார்கள். அதிகாரி என்னவோ சொன்னார், மறுபடி தட்டினார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே நிறத்தில் சால்வை போட்டு, கை குலுக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். சாப்பாட்டில் சீலா வறுவல். ரெமிஜியஸ் தன் கையால் என் இலையில் இரண்டு துண்டு வைத்தான். எழுந்துபோய் வாந்தி எடுத்தேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பிப்ரவரி 14, சனி

பேப்பரில் என் படம் வந்திருக்கிறதாம். ‘வரலாற்று உடன்பாடு’ என்று போட்டிருக்கிறதாம். பிரகாசி முழுதும் படித்துக் காட்டினாள். குரலில் ஒன்றுமே இல்லாமல், பாடம் படிக்கிற மாதிரி.

மாலையில் பாடம் படித்தாள். “செய்துகொண்ட உடன்படிக்கை நல்லெண்ணத்தோடு மதிக்கப்பட வேண்டும். பன்னாட்டுச் சட்டத்தின் அடிப்படையே இந்த நம்பிக்கைதான்.”

“மனசுக்குள்ள படி” என்றேன்.

“எனக்கு ஏறாது மாமா.”

“ஏறாட்டி போகுது.”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அங்கிருந்தும் கேட்டது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் போட்டுக்கொண்டு வந்தேன். முகம் கழுவிவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சவரி வந்துவிட்டான். நல்லெண்ணத்தின் பேரில் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். ஜெட்டியில் மாலை, வெடி. ரெமிஜியஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தான். சவரி பாதியாக இருக்கிறான். கையெல்லாம் சொறிந்து ரத்தம். பிரகாசி எல்லோருக்கும் எதிரே அவன் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வெட்கமே படவில்லை. பிறகுதான் அழுதாள்.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதையும் எழுது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வேப்பிலைத் தண்ணீர் வைத்துக் குளிக்க ஊற்றினாள். தட்டுத் தட்டாகச் சோறு தின்றான். நடுவில் தலை தூக்கி, “மரியாம்பிள்ளை அய்யா கடைசி ஞாயித்துக்கிழமையும் வந்தாரு. உங்க அப்பாகிட்ட சுகம் கேட்டேன்னு சொல்லுன்னாரு” என்றான்.

“சாப்பிடு” என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

ஊரில் எந்த வீட்டு வாசலில் பார்த்தாலும் மடி கட்டுகிறார்கள். பச்சை நைலான், நீல நைலான். லாரியில் வந்து இறங்குகிறது. பழசு நன்றாக இருக்கும்போதே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு கட்டுகிறார்கள். கண்ணி சின்னக் கண்ணி, விரல் நுனி போகாது. படகு எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டீக்கடையில் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறான். அந்த டீயைக் கீழே கொட்டலாம் என்று இருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

சவரி நேற்றுக் கடலுக்குப் போய் இன்று காலை வந்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன சொல்லி வேண்டாம் என்பது? பிரகாசி சொன்னாள். “சொறி ஆறட்டும்” என்றாள். அவன், “இப்ப பயமே இல்லடி, அதான் அப்பா வாங்கிக் கொடுத்துட்டாரே” என்றான்.

கறிக்கு என்று ஒரு வாளி மீன் கொண்டுவந்தான். நல்ல விளைமீன். பிரகாசி அலசும்போது கையில் ஏதோ சுற்றிக்கொண்டது. வெள்ளை நைலான் வலை, ஒரு சாண் இருக்கும், ஒரு மிதவையோடு. நம் கரையில் அந்த நூலில் வலை முடைவதில்லை.

அவள் அதைச் சவரியிடம் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு, “எறி அதை” என்றான்.

எறிந்தாள். குழம்பு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

பிரகாசிக்குப் பரீட்சை தேதி வந்துவிட்டது. இனி எழுத நேரம் இருக்காது என்கிறாள். நேரம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

இதைக் கடைசியாக எழுதித் தா என்று கேட்டேன். சரி என்று உட்கார்ந்திருக்கிறாள்.

மத்தியானம் போன் வந்தது. சவரி எடுத்து, அக்கரையிலிருந்து என்று என்னிடம் கொடுத்தான்.

“இஞ்ஞாசி, நான்தான் மரியாம்பிள்ளை. பொடியன் சுகமா வந்து சேந்தானே?”

“வந்தான்.”

“நல்லது. அதைக் கேக்கத்தான் எடுத்தனான்.” இருமினார். “இஞ்ச வலையெல்லாம் அறுந்து போச்சுது. என்ர, மகன்ர, பக்கத்து வீட்டுக்காரன்ர, எல்லாம். யோகநாதன் ஆக்கள் என்னோட கதைக்கிறேல்லை. கிழவனாலதான் எண்டு சொல்லுகினம்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“உம்மில எனக்குக் குறை ஒண்டும் இல்லை. நீர் முறைசொல்லி, உமக்கு மறக்காது. எனக்கெல்லோ மறதி வருத்தம் வந்திட்டுது. இத்தனை வருசமா மடி எண்டே என்ர மனசில கிடந்தது. மூண்டு தரம் சொல்லிப் பாத்தது, சட்டியில சோறு திண்டது, கணவாய்க் கறி, எல்லாம் கண்ணுக்கு முன்னால நிக்குது. ஆனால் அந்தச் சொல்லு மட்டும் பிழையாக் கிடந்திருக்கு. அது எப்பிடி எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. இப்ப வீட்டில ஒண்டைச் சொல்லவும் பயமாக் கிடக்கு, அதுவும் பிழையோ எண்டு. மகள் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகப்போறாளாம். இஞ்ஞாசி, உமக்கும் இப்பிடி வாறதோ?”

பிரகாசி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். “நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

வயதானால் அப்படித்தான் மரியாம்பிள்ளை, டாக்டரிடம் காட்டும் என்று சொன்னேன்.

எழுதிக்கொள்.